வெப்ப முள் ஏறினால் காரில் எங்கே தேடுவது

இன்ஜின் சூடேறிவிட்டது என்று பணிமனைக்கு வந்து சேரும் கார்கள் பலவற்றுக்கு வழியிலேயே ஒரு முதலுதவி நடந்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கைக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அது வண்டியை அடுத்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆனால் முன்பு அங்கே இருந்த நீர் எங்கே போயிற்று என்பதற்கோ, நீர் நிறைந்திருந்தும் இன்ஜின் ஏன் கொதித்தது என்பதற்கோ அதில் விடை கிடையாது. அந்த விடையைத் தேடாமல் நிரப்பி நிரப்பி ஓட்டப்படும் வண்டிதான் கடைசியில் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) வளைந்து, பெருஞ்செலவில் வந்து நிற்கிறது. எந்த வேளையில் சூடேறுகிறது, எங்கே நனைந்திருக்கிறது, எந்தக் குழாய் சுடுகிறது, எது குளிர்ந்தே கிடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தால், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பழுதின் இருப்பிடத்தை நெருங்கிவிடலாம்.

சாலையோரத்தில் முதல் அரை மணி நேரம்

முள் நடுப்பகுதியைத் தாண்டத் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழு வெப்பத்திலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வைக்க வேண்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். கோடை வெயிலில் அது பெருந்துன்பம் என்றாலும், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கும் வரை இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். முள் சிவப்புக்குப் போய்விட்டாலோ, முள் இல்லாத புதிய கார்களில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பானெட்டின் விளிம்பில் ஆவி தெரிந்தாலோ உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அதன் பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அந்த மூடி ஓர் அழுத்த வால்வு, 0.9 அல்லது 1.1 என்று அதன் மேல் பொறித்திருப்பது எத்தனை பார் அழுத்தம் வரை அது உள்ளே பிடித்து வைக்கும் என்பதைக் காட்டுகிறது. ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். 110 டிகிரியில் அமைதியாக நிற்கிற அந்த நீர், மூடி திறந்து அழுத்தம் விலகிய நொடியில் ஆவியாகப் பொங்கி, திறந்தவரின் முகத்திலும் கையிலும் பீறிடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேல் ரப்பர் குழாயை, துணி சுற்றிய கையால் அழுத்திப் பார்த்து, அது மெத்தென்று அமுங்கும் வரை, குறைந்தது அரை மணி நேரமாவது, காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. சூடான இரும்பும் அலுமினியமும் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் காணும். இன்ஜினின் மேல் தண்ணீர் ஊற்றுவதற்கும் இதே தடை பொருந்தும்.

சுற்று எப்படி ஓடுகிறது

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிச் செல்கிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே வெளியேற, மற்றொரு பெரும் பங்கு உலோகத்துக்குள் இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு 2,000 டிகிரியைத் தொடும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் இடையே நின்று இன்ஜினைக் காப்பது கூலன்ட் எனப்படும் குளிர்விக்கும் திரவம்தான். ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், நீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தை ஏற்றுச் செல்லும். வாட்டர் பம்ப் அதைச் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது ஹெட்டின் வழியே வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெப்பநிலைக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வுக்கு வருகிறது. வால்வு திறந்திருந்தால் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்குப் போய், வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழ் ஹோஸ் வழியே மீண்டும் பம்புக்குத் திரும்புகிறது. சில இன்ஜின்களில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் என்பதைச் சோதிக்கும் முன் அறிந்துகொள்வது நல்லது.

ஆகவே கோளாறு நான்கு வகைகளுக்குள் அடங்கும்: திரவம் போதவில்லை, திரவம் ஓடவில்லை, ஓடினாலும் வெப்பம் காற்றுக்குப் போகவில்லை, அல்லது சிலிண்டருக்குள் எரியும் வாயுவே திரவத்துக்குள் புகுந்துவிட்டது.

அறிகுறி: சிக்னலில் நின்றால் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது

ஃபேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நின்றுவிட்டால் ஃபேன் இழுத்துத் தரும் காற்றைத் தவிர வேறு காற்று அதற்குக் கிடையாது. நெரிசலில் மட்டும் சூடேறுவதன் காரணம் இதுதான்.

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கவும். பெரும்பாலான கார்களில் ஏ.சி. ஓடும்போது ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓட வேண்டும். அப்போது ஓடுகிற ஃபேன், இன்ஜின் சூடேறும்போது மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. வெப்பநிலை சென்சாரையோ அதன் வயரையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டு வேளையிலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் கனெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரிலேவைச் சோதிக்க எளிய வழி, அதே அளவும் அதே பின் அமைப்பும் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் அதை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. மோட்டாரின் உறையை மெல்லத் தட்டியதும் ஃபேன் சுழலத் தொடங்கினால், உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்று ஓடினாலும் அது நம்பத்தக்கதல்ல. இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனைகளின்போது விரலையோ துப்பட்டாவையோ வேட்டி நுனியையோ அதன் அருகே விடக் கூடாது.

ஃபேன் ஓடியும் சூடு குறையவில்லை என்றால், அது காற்றை எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பாருங்கள். மோட்டாரை மாற்றும்போது வயர்களைத் தலைகீழாக இணைத்துவிட்டால், அது எதிர்த்திசையில் சுழன்று, முன்னாலிருந்து வரும் காற்றோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கும். ரேடியேட்டரின் முன்புறம் ஒரு மெல்லிய தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். விலகி விழக் கூடாது. இன்ஜின் நீளவாக்கில் அமைந்த டீசல் வண்டிகள் பலவற்றில், இன்ஜினோடு ஒரு கிளட்ச் மூலம் இணைந்து சுழலும் விஸ்கஸ் ஃபேன் இருக்கும். சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியையும் எடுத்துவிட்டு அதைக் கையால் சுழற்றினால் எதிர்ப்பு தெரிய வேண்டும். தடையின்றிப் பல சுற்றுகள் சுழன்றால் அதன் கிளட்ச் தன் வேலையை விட்டுவிட்டது.

அறிகுறி: நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும் ஏறுகிறது, நிறுத்தி ஓடவிட்டால் இறங்குகிறது

இது முந்தைய அறிகுறிக்கு நேர் எதிரானது. ஃபேன் நன்றாக இருக்கிறது. ஆனால் இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கும்போது உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றும் திறன் சுற்றுக்கு இல்லை. ஊருக்குள் பல மாதங்கள் மறைந்திருந்த அடைப்பு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும் நாளில்தான் வெளிப்படும்.

அடைப்பு வெளியிலும் இருக்கலாம், உள்ளேயும் இருக்கலாம். வெளி அடைப்பைப் புரிந்துகொள்ள ரேடியேட்டரின் வடிவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்கு வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன; அந்த அமைப்பால் வெறும் 9 லிட்டர் நீரைக் கொண்டே அந்த இன்ஜினைக் குளிர்விக்க முடிந்தது. கொஞ்ச நீரைப் பெரும் பரப்பில் காற்றுக்குக் காட்டுவதே அதன் உத்தி. இன்றைய ரேடியேட்டரும் அதே உத்தியை மெல்லிய அலுமினியத் தகடுகளால் செய்கிறது. அந்தப் பரப்பைப் பூச்சிகளும் புழுதியும் வைக்கோல் தூசும் மூடிவிட்டால் உத்தியே தோற்றுப்போகும். முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஏ.சி. கண்டென்சர்தான், அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் குப்பை படிகிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கமாகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, அழுக்கு அடைத்ததைவிட மோசமாகக் காற்றை அடைத்துவிடும்.

உள் அடைப்பைக் கண்டறிய, இன்ஜின் நன்கு சூடாகி அணைத்த பின், ஃபேன் நின்றிருப்பதை உறுதி செய்துகொண்டு, ரேடியேட்டரின் பல இடங்களில் வெப்பத்தை அளக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் வேலை எளிது. நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த பகுதிகள் இருந்தால் அங்கே நீர் ஓடவில்லை. பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புத்தான் இதற்குக் காரணம். சூடேறும் நீரிலிருந்து கால்சியம் கார்பனேட் பிரிந்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே, குழாய்களின் உட்சுவரில் வெள்ளைப் படலமாகப் படிகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அந்தப் படலம் அலுமினியத்துக்கு அருகில்கூட வராது.

ரேடியேட்டர் சரியாக இருந்தால் கீழ் ஹோஸைப் பாருங்கள். ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொல்லி, பம்ப் உறிஞ்சும்போது அது சப்பிப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். ரப்பர் மக்கிய ஹோஸ், வேகத்தில் மட்டும் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். அடுத்தது பம்ப். பெல்ட் வழுக்குவது வெளியே தெரியும். ஆனால் உள்ளே உள்ள இறக்கைகள் துருவால் அரிக்கப்பட்டிருந்தாலோ, பிளாஸ்டிக் இறக்கை தண்டைப் பிடிக்காமல் நழுவினாலோ கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அறிகுறி: கிளப்பிய பத்து நிமிடத்தில் முள் சிவப்புக்குப் போகிறது, மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருக்கிறது

தெர்மோஸ்டாட் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது. அதற்குள் இருக்கும் மெழுகு, 82 அல்லது 88 டிகிரி என்று அதன் மேல் பொறித்த வெப்பநிலையில் உருகி விரிந்து வால்வைத் திறக்க வேண்டும். கழற்றிய வால்வை, சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் நூலால் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் நீரைச் சூடாக்கினால் எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வே தேவையில்லை" என்று அதைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நானும் ஒருமுறை அந்த அறிவுரையை நம்பி, என் பழைய காரை வால்வு இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். முள் கீழேயே நின்றது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் மைலேஜ் குறைந்துகொண்டே போனது. காரணம் பிறகுதான் புரிந்தது. இன்ஜின் கம்ப்யூட்டர், வெப்பநிலை உரிய அளவை எட்டாத வரை, இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கருதிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டுகிறது. ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகி வெளியேறுவதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போதே, நீரை ரேடியேட்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் பக்கவழியை அதன் பின்பகுதி மூடும்படி வடிவமைத்திருப்பார்கள். வால்வே இல்லாவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுமை ஏறும்போது நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்க, சூட்டைத் தடுப்பதற்காகச் செய்த காரியமே சூட்டைக் கொண்டுவரும். எந்த ஊர் வெயிலானாலும் வெளிக்காற்று 40 டிகிரியைச் சுற்றித்தான். இன்ஜினுக்கு வேண்டியதோ 90 டிகிரியைச் சுற்றிய வெப்பம். புது வால்வின் விலை, வீணாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் பெரிதல்ல.

நெடுந்தூரம் ஓடியும் முள் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால், வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது முன்பு யாரோ கழற்றிவிட்டார்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, ஒழுக்கு தெரிகிறது

இரவு நிறுத்தும் இடத்தில் அட்டை ஒன்றை விரித்து வைத்தால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து கசிந்தால் அதன் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தால் நீர் பேரிங்குக்குள் போகும். ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் இடம், ஹோஸ் கிளிப்புகள், வடிகால் திருகு ஆகியவற்றில் காய்ந்துபோன பச்சை அல்லது சிவப்புத் தடம் தெரிந்தால் அதுவே சாட்சி. கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மங்கி, இனிப்பு வாடையும் முன் இருக்கையின் கால்மிதியில் ஈரமும் இருந்தால், ஒழுகுவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். கூலன்டில் கலந்துள்ள, அந்த இனிப்புக்குக் காரணமான எத்திலீன் கிளைக்கால் கடும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கிவிடாமல், குழந்தைகள் தொடாமல், உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் கைவைத்தியம் லாரி ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அது வண்டியை ஊர் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள், ஹீட்டர் கோரின் குறுகிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். ஊர் சேர்ந்த அன்றே முழுச் சுற்றையும் கழுவி வெளியேற்றுவதாக இருந்தால் மட்டுமே அதைச் செய்யலாம்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, ஒழுக்கு எங்குமே இல்லை

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் அஞ்ச வேண்டியது இது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் எரிந்துவிட்டால், நீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறும். அல்லது சிலிண்டருக்குள் எரியும் வாயு நீருக்குள் புகுந்து, அதை உபரி நீர் சேரும் ரிசர்வ் டேங்க் வழியே பிதுக்கித் தள்ளும்.

முழுவதும் குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பிப் பாருங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழிகள் பொருட்டல்ல. ஆனால் சோடா பாட்டிலைப் போல இடைவிடாமல் குமிழிகள் வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. மூடியைப் போட்டுக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே, நீர் சூடேறுவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லைப் போல இறுகினாலும் பொருள் அதுதான். சூடான பிறகும் நிற்காத வெண்புகை, காலையில் முதல் சில நொடிகள் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காமல் இன்ஜின் உதறுவது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பது ஆகியவை துணைச் சாட்சிகள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பசை இருந்தால் பதற வேண்டாம். மழைக்காலத்தில் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரத்தாலும் அது வரும். சந்தேகத்தைத் தீர்க்க, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனைக் குழாய் இருக்கிறது. கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும்.

உறுதியானால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதும் நேர்விளிம்புக் கோலை அதன் மேல் குறுக்கும் மூலைவாட்டமாகவும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் வளைவை அளக்கச் சொல்லுங்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் லேத்தில் சீவாமல் புது கேஸ்கெட் நிற்காது. இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட்டுகள் உள்ள இன்ஜின்களில் போல்ட்டுகளையும் புதிதாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஸ்கெட் தானாக எரிந்ததா, வேறொரு பழுதால் சூடேறி எரிந்ததா என்று கேட்க வேண்டும். ஓடாத ஃபேனை அப்படியே விட்டுவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றிய வண்டி, அதே வேலைக்கு மறுபடியும் வரும்.

அறிகுறி: குளிர்ந்த பின் ஹோஸ் சப்பிக் கிடக்கிறது, அல்லது ரிசர்வ் டேங்க் வழிகிறது

மூடியை மாற்றுங்கள். அதில் இரண்டு வால்வுகள் உண்டு: அழுத்தம் மிகும்போது நீரை ரிசர்வ் டேங்குக்கு விடுவது ஒன்று, குளிரும்போது திரும்ப இழுத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது ஒட்டிக்கொண்டால் ஹோஸ் சப்பும். முதலாவது தளர்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அழுத்தமில்லாத நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், தளர்ந்த மூடியோடு மலையேறுபவருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

அறிகுறி: கூலன்ட் துருநிறமாகவோ கூழாகவோ இருக்கிறது

துருநிறம் என்றால் அரிப்புத் தடுப்பான் தீர்ந்துவிட்டது, அல்லது வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கூழ் என்றால் ஒத்துவராத இரண்டு வகைகள் கலந்திருக்கலாம். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்பவை சாயம் மட்டுமே என்பதால் நிறத்தை நம்பாமல் கையேட்டில் சொன்ன வகையையே வாங்க வேண்டும். சுற்றைக் கழுவிவிட்டு, அடர்கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றவும். கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறனில் கிளைக்கால் நீரைவிட மிகத் தாழ்ந்தது. ஏற்கெனவே கலந்து விற்பதில் நீர் சேர்க்கவே கூடாது.

அறிகுறி: எல்லாம் மாற்றியாயிற்று, இன்னும் முள் தாவுகிறது

சுற்றுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. காற்றுக்குமிழி ஹெட்டின் உச்சியில் நிற்குமிடத்தில் உலோகம் நீரைத் தொடுவதில்லை. அது சென்சாரின் மேல் நின்றால் அளவீடும் பொய்யாகிவிடும். நீர் முழுவதும் வெளியேறிவிட்ட இன்ஜினில் கொதிக்கும் வேளையில் முள் திடீரென்று கீழே விழுவதும் இதனால்தான். அதைக் குளிர்ந்துவிட்டது என்று எண்ணி ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிடும்.

காற்றை வெளியேற்ற, இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் நீர் வரும் வரை மெதுவாக நிரப்ப வேண்டும். பிறகு திருகை மூடி, ரேடியேட்டர் வாயைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, நீர்மட்டம் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டு வந்து, மட்டம் நிலைத்ததும், நீர் பொங்கத் தொடங்கும் முன், மூடியைப் போட்டுவிடவும். அதன் பிறகு ஃபேன் தானாக ஓடி நிற்பதை இரண்டு முறையாவது நின்று பார்க்க வேண்டும். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பவும்; மூன்றாம் நாளும் குறைந்தால் ஒழுக்கைத் தேடும் பகுதியிலிருந்து மீண்டும் தொடங்கவும்.